சபை என்று பெயர் வைத்திருந்தாலும் அது வெறுப்புக் குழுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஜார்ஜ் டவுனிலிருந்தும் கடல் தாண்டி பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்தும் வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தீவிரப் போக்குள்ள சிறு கிறிஸ்தவக் குழுக்களை வெறுப்புக் குழுக்கள் எனலாமா, கூடாதா என்பது இன்றைய தலைப்பு. தாராளமாக எனலாம் என்று சொல்ல எங்கள் அணி வந்திருக்கிறது. எதிரணித் தலைவர் பேசும்போது, இந்தத் தலைப்பே கிறிஸ்தவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வைக்கிறது என்று வருத்தப்பட்டார். ஐயா, நான் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். கிறிஸ்தவளாக இருப்பதால்தான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

முதலில் யாரைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு சபை எதையாவது பாவம் என்று போதித்தால் அது வெறுப்புக் குழு ஆகிவிடாது. எங்கள் திருச்சபையே பல காரியங்களைப் பாவம் என்கிறது. பிறப்பாலோ நிறத்தாலோ மதத்தாலோ இன்னாரென்று ஆகிவிட்ட மனிதர்களை இழிவுபடுத்துவதையும் மிரட்டுவதையும் அன்றாட வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறதே ஒரு கூட்டம், அதைத்தான் சொல்கிறோம்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டார். "தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுப்பவரையும் இந்தக் கணக்கில் சேர்ப்பீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. பால்குடம் சுமந்து, விரதம் இருந்து, வெறுங்காலில் நடந்து வருகிற ஒரு பெண்ணின் கையில் "நீ கும்பிடுவது சாமியே இல்லை" என்று அச்சடித்த தாளைத் திணிப்பது பண்பற்ற செயல். ஒரு கிறிஸ்தவளாக எனக்கு அதில் வெட்கம் உண்டு. ஆனாலும் அவரை வெறுப்புக் குழு என்று நான் சொல்லமாட்டேன். அவர் அந்தப் பெண்ணைத் தன் சபைக்குக் கூப்பிடுகிறார். நான் இப்போது சொல்லப்போகிறவர்கள் யாரையும் கூப்பிடுவதில்லை. அடுத்தவர் நரகத்துக்குப் போகிறார் என்று கொண்டாடுகிறவர்கள் அவர்கள்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீக்கா என்ற ஊரில் வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் சபை இருக்கிறது. 1955-இல் ஃப்ரெட் ஃபெல்ப்ஸ் என்ற போதகர் தொடங்கியது. பெயரில் பாப்டிஸ்ட் என்று இருக்கிறதே தவிர, எந்தப் பாப்டிஸ்ட் கூட்டமைப்பிலும் அது இல்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். நூறு பேர்கூடத் தேறமாட்டார்கள்.

1998 அக்டோபரில் வயோமிங் மாநிலத்தில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது மாணவரை, தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்பதற்காக இரண்டு பேர் அடித்து நொறுக்கி, ஊருக்கு வெளியே ஒரு வேலியில் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். சில நாளில் மருத்துவமனையில் உயிர் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் இறுதிச் சடங்குக்கு ஃபெல்ப்ஸ் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். பையன் நரகத்தில் கிடக்கிறான் என்று எழுதிய பதாகைகளைத் தூக்கிப் பிடித்தார். தன்பாலின ஈர்ப்பைப் பற்றி இந்த அவையில் உள்ளவர்களுக்குப் பல கருத்துகள் இருக்கும். இருக்கட்டும். நம்மிடையே பகையாளி வீட்டில் சாவு விழுந்தால்கூட, போய் ஒரு மாலை போட்டுவிட்டு, பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுத்தானே வருவோம்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கோயிலுக்குள் நுழையும் நேரத்தில் இப்படி வந்து நிற்பவனுக்கு எந்த வேதம் துணை நிற்கும்?

அடுத்தது 2006 மார்ச், மேரிலாந்து மாநிலம். ஈராக் போருக்குப் போய் இறந்த மேத்யூ ஸ்னைடர் என்ற இளம் வீரருக்கு ஒரு கத்தோலிக்கக் கோயிலில் இறுதித் திருப்பலி. டொபீக்காவிலிருந்து ஏழு பேர் வந்து நின்றார்கள். "போர்வீரர்கள் செத்ததற்குக் கடவுளுக்கு நன்றி", "கடவுள் உன்னை வெறுக்கிறார்", "நீ நரகத்துக்குப் போகிறாய்" என்றெல்லாம் பதாகைகள். அந்த வீரர் தன்பாலின ஈர்ப்பாளர்கூட இல்லை. அப்படிப்பட்டவர்களைச் சகித்துக்கொள்ளும் அமெரிக்காவைக் கடவுள் தண்டிக்கிறார், வீரர்களின் சாவுதான் அந்தத் தண்டனை என்பது இவர்களின் போதனை. சவ ஊர்வலம் போகும்போது தந்தைக்குப் பதாகைகளின் மேல்விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை மகனை அடக்கம் செய்த அன்று இரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் பார்த்தார்.

அவர் வழக்குப் போட்டார். ஜூரி ஒரு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது அடிபட்டது. 2011 மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சபையின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எதிரணியினர் இந்தத் தீர்ப்பைத்தான் துருப்புச்சீட்டாக வைத்திருக்கிறார்கள். "உச்ச நீதிமன்றமே விட்டுவிட்ட பிறகு நீங்கள் யார் பெயர் வைக்க?" என்று கேட்டார்கள்.

நடுவர் அவர்களே, அந்த நீதிமன்றம் எதைத் தீர்மானித்தது என்று பார்க்க வேண்டும். பொது இடத்தில், பொதுப் பிரச்சினை பற்றி, போலீஸ் காட்டிய இடத்தில் நின்று பேசியவரை இழப்பீடு கட்டச் சொல்லித் தண்டிக்கலாமா என்பதுதான் கேள்வி. முடியாது என்றது நீதிமன்றம். அந்தப் பேச்சு பெரும் வேதனை தந்தது என்பதைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தன் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். வேதனை தந்தது என்பதற்காகப் பேசியவரைத் தண்டிக்க முடியாது என்றும் சொன்னார். தண்டிக்க முடியாது என்பதற்கு, பெயர் சொல்லி அழைக்கவும் கூடாது என்று எப்படி ஐயா அர்த்தம் வரும்? அவர்களுக்குப் பேச உரிமை இருப்பதுபோல் நமக்கும் இருக்கிறது. தீர்ப்பு வந்த மறு ஆண்டே, ராணுவ வீரர்களின் இறுதிச் சடங்குக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் 300 அடிக்குள் இப்படி நிற்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

இந்தக் கூட்டத்தைப் பற்றி நினைக்கும்போது என் மனத்தை அதிகம் அறுப்பது அந்தப் பதாகைகளைப் பிடித்திருந்த பிள்ளைகள். ஃபெல்ப்ஸின் பேத்தி மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் ஐந்து வயதில் பதாகை பிடிக்கத் தொடங்கியவர். 2012-இல் அதை விட்டு வெளியே வந்து தன் கதையை ஊரறியச் சொன்னார். ஐந்து வயது என்றால் என் வகுப்பில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் வயது. "சின்னஞ்சிறு குழந்தைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்று இயேசு சொன்னதை நான் படம் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் வயதில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு குழந்தையின் கையில் கம்பைக் கொடுத்து, தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள். வழி தவறிய பக்தி என்று இதைக் கடந்து போக என்னால் முடியாது.

எதிரணியில் ஒரு சகோதரி, மேகனை மாற்றியது அன்பான உரையாடல்தான், முத்திரை அல்ல என்றார். ஆமாம், டுவிட்டரில் பொறுமையாகப் பேசியவர்களால்தான் அவர் மனம் மாறினார். ஆனால் அப்படிப் பேசியவர்கள், "உங்கள் சபை செய்வது சரிதான்" என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணை மதித்தார்கள். சபையின் கொடுமையைக் கொடுமை என்றும் சொன்னார்கள். நாங்கள் பெயர் வைப்பது குழுவுக்கு. அதற்குள் மாட்டிக்கொண்ட மனிதர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

சரி, இது ஏதோ அமெரிக்கச் சங்கதி, பினாங்குத் தமிழர்களுக்கு என்ன என்று சிலர் நினைக்கலாம். ஐடஹோ மாநிலத்தில் ரிச்சர்ட் பட்லர் என்பவர் இருபது ஏக்கரில் ஒரு முகாம் வைத்திருந்தார். அவருடைய சபையின் பெயரில் இயேசு கிறிஸ்துவும் உண்டு, கிறிஸ்தவமும் உண்டு. ஆனால் உலகம் அறிந்த பெயர் ஆரியன் நேஷன்ஸ். வெள்ளையர்தான் கடவுளின் உண்மையான இஸ்ரயேல், யூதர்கள் சாத்தானின் வித்து, மற்ற நிறத்தவர் எல்லாம் சேற்று மனிதர்கள் என்பது அவர்களின் இறையியல். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும் நம் பிள்ளைகளும் அவர்கள் கணக்கில் சேறு. 1998-இல் ஒரு தாயும் மகனும் காரில் அந்த முகாமைக் கடந்து போனார்கள். கார் வெடிச்சத்தம்போல் ஏதோ ஒலி எழுப்ப, காவலர்கள் துரத்திப்போய்ச் சுட்டார்கள். 2000 செப்டம்பரில் ஜூரி 63 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. பட்லர் முகாமையே இழந்தார். அந்த வழக்கை நடத்தியது, வெறுப்புக் குழுக்களின் பட்டியல் வெளியிடும் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற அமெரிக்கச் சட்ட உதவி அமைப்புதான். எதிரணித் தலைவர் அந்தப் பட்டியலை வெறும் முத்திரை குத்தும் வேலை என்றார். அந்தத் தாயிடமும் மகனிடமும் அப்படிச் சொல்ல முடியுமா?

ஆனால் பட்டியலைப் பற்றி அவர் எழுப்பிய இன்னொரு விஷயத்தை நான் மழுப்ப விரும்பவில்லை. அதே அமைப்பு 2010-இல் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் என்ற கிறிஸ்தவ அமைப்பையும் பட்டியலில் சேர்த்தது. 2012 ஆகஸ்டில் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு அவர்களின் வாஷிங்டன் அலுவலகத்துக்குள் புகுந்தான். காவலாளி ஒருவர் குண்டடிபட்டும் அவனைப் பிடித்து நிறுத்தினார். அவனுக்கு 25 ஆண்டு சிறை. அந்தத் தாக்குதல் பெரும் அநியாயம். சட்டம் இயற்றச் சொல்லி வாதாடும் அமைப்பையும் சாவு வீட்டில் நின்று ஏசும் கூட்டத்தையும் ஒரே வரிசையில் வைப்பதை நான் ஏற்கவில்லை. அவர்கள் சொல்வது எனக்குப் பல இடத்தில் பிடிக்காது. அதனாலேயே அவர்களை டொபீக்காவோடு சேர்த்துவிட மாட்டேன். தராசில் கோளாறு என்றால் தராசைச் சரிபார்க்க வேண்டும். எடை போடுவதையே நிறுத்து என்கிறது எதிரணி.

சின்னக் கூட்டம்தானே, கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்கிவிடும் என்றும் ஒரு வாதம் வந்தது. ஃபுளோரிடாவில் கெய்ன்ஸ்வில் என்ற ஊரில் டெர்ரி ஜோன்ஸ் என்ற பாஸ்டரின் சபையும் மிகச் சின்னது. 2011 மார்ச் 20-ஆம் தேதி அந்தச் சபைக்குள் திருக்குர்ஆனுக்கு விசாரணை நடத்துவதுபோல் நடத்தி, எரித்தார்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் மசாரே ஷரீஃபில் ஆத்திரக் கூட்டம் ஐக்கிய நாட்டு அலுவலகத்துக்குள் புகுந்து, அதில் வேலை செய்த ஏழு பேரைக் கொன்றது. கொன்றவர்கள்தான் கொலைகாரர்கள், அந்தப் பழியை நான் ஃபுளோரிடாவுக்கு மாற்றவில்லை. ஆனால் தலைக்கணக்கு பார்த்து ஆபத்தை அளக்காதீர்கள். ஒரே வட்டாரத்தில் கிறிஸ்தவ ஆலயமும் சீனக் கோயிலும் மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் மசூதியும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிற ஊர் இது. அக்கம்பக்கத்தார் மனத்தில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா?

இனி எங்கள் ஆட்களிடமே சொல்ல வேண்டிய ஒன்று. "அவர்கள் உண்மையான கிறிஸ்தவர்களே இல்லை" என்று கிறிஸ்தவர்கள் பலர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் அவர்கள் படிப்பதும் நாம் படிக்கும் அதே வேதாகமம். "யாக்கோபை நேசித்தேன், ஏசாவை வெறுத்தேன்" என்ற வசனத்தை எடுத்துக் காட்டுவார்கள். நம் புத்தகத்தையும் நம் ஆண்டவர் பெயரையும் பயன்படுத்திச் செய்வதால்தான் முதலில் நாம் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

திறந்தவர்களும் உண்டு. ஷெப்பர்டைக் கொன்றவர்களில் ஒருவனின் வழக்கு 1999-இல் லாரமி நகரில் நடந்தபோது ஃபெல்ப்ஸ் மறுபடியும் வந்தார். மேத்யூவின் தோழி ஒருவர் நண்பர்களைத் திரட்டினார். குழாய்களை வளைத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தைத்து, ஆளுக்கு ஒரு ஜோடிப் பெரிய சிறகு. வானதூதர்கள்போல் உடுத்திக்கொண்டு ஃபெல்ப்ஸின் ஆட்களைச் சுற்றி முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. சிறகுகளுக்குப் பின்னால் பதாகைகள் மறைந்துபோயின. 2018 அக்டோபரில் வாஷிங்டன் தேசியப் பேராலயம் மேத்யூவின் அஸ்தியை வாங்கித் தனக்குள் அடக்கம் செய்தது. யாராவது கல்லறையை அசிங்கப்படுத்திவிடுவார்களோ என்று இருபது ஆண்டு அந்தப் பெற்றோர் வீட்டிலேயே வைத்திருந்த அஸ்தி அது.

கடைசியாக நம் நாட்டைப் பற்றிச் சொன்னீர்கள். மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 2020 கணக்கெடுப்பின்படி 9.1 விழுக்காடுதான், இந்த வார்த்தை நாளை நம் மேலேயே திரும்பும் என்றீர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. 2010 ஜனவரி 8-ஆம் தேதி கோலாலம்பூர் டேசா மெலாவாத்தியில் ஒரு தேவாலயம் தீவைக்கப்பட்ட செய்தியைக் கேட்டு, எங்கள் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதே வாரத்தில், தேவாலயங்களுக்குக் காவலிருக்க முன்வந்த முஸ்லிம் அமைப்புகளும் இருந்தன. தீ வைத்தவன் தங்கள் மதத்தான் என்பதற்காக அவர்கள் மூடி மறைக்கவில்லை. செய்தது தவறு என்று வெளியே வந்து சொன்னார்கள். அவர்கள் எங்களுக்காகச் செய்ததை, யூதருக்கும் முஸ்லிமுக்கும் கறுப்பினத்தவருக்கும் தன்பாலின ஈர்ப்பாளருக்கும் எங்கள் மதத்தின் பெயரால் கொடுமை நடக்கும்போது நாங்கள் செய்ய வேண்டாமா?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். மேரிலாந்தில் அந்தத் தகப்பன் மகனை அடக்கம் செய்த நாளில் பதாகை பிடித்து நின்ற ஏழு பேரையும் அவர்களை அனுப்பிய சபையையும் வெறுப்புக் குழு என்று சொல்லக் கூடாதென்றால், வேறு என்னவென்று சொல்ல வேண்டும்? அந்தத் தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பெயராகச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.