வெள்ளைப் பணியாரத்துக்கு 90 கிலோமீட்டர்: தேவகோட்டை அம்மாவோட கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மூணு நாளா என்னைய விடவே இல்ல. இன்னைக்கு அதை மட்டும்தான் எடுத்துக்கப் போறேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க. தேவகோட்டையில இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. அப்படியே வாசிக்கிறேன்.

"டீச்சர், என் மகன் மதுரையில வேலை பாக்குறான். மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை பைக்கை எடுத்துக்கிட்டு காரைக்குடிக்கு வந்து, ஒரு ஆச்சி வீட்டுல போடுற வெள்ளைப் பணியாரத்தைச் சாப்பிட்டுட்டு, அப்புறம்தான் என்னையப் பாக்க வர்றான். பணியாரம் ஒண்ணு 8 ரூபா. பெட்ரோல் 400 ரூபா. பிடிச்ச சாப்பாட்டுக்குச் செலவு பண்ண ஒரு அளவு வேண்டாமா? நீங்க புத்தி சொன்னா கேப்பான்."

அம்மா, முதல்ல கணக்கைப் போட்டுருவோம். மதுரைக்கும் காரைக்குடிக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போக வர 180. பைக் லிட்டருக்கு 45 கொடுத்தா 4 லிட்டர். ஆக நீங்க சொன்ன 400 சரிதான். அவன் ஆறு பணியாரம் சாப்பிடுறான்னா 48 ரூபா. மொத்தம் 448. அப்ப ஒரு பணியாரம் அவனுக்கு 75 ரூபாய்க்கு வருது.

இந்த 75 ரூபா இருக்கு பாருங்க, இதுதான் என்னையத் தூங்க விடல. ஹரால்ட் ஹோட்டலிங்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர். தேசியப் பூங்காக்களோட மதிப்பைப் பணத்துல எப்படிச் சொல்றதுன்னு அங்க ஒரு கேள்வி வந்தப்ப, 1947ல பூங்காத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினாரு. வாசல்ல வாங்குற டிக்கெட்டைப் பாக்காதீங்க. பூங்காவைச் சுத்தி வட்டம் வட்டமா போட்டுக்கிட்டு, எந்த வட்டத்துல இருந்து எத்தனை பேர் வந்தாங்க, வந்து சேர என்ன செலவழிச்சாங்கன்னு பாருங்க, அதுல தெரியும் அந்த இடத்தோட மதிப்புன்னாரு. உங்க மகன் பணியாரத்துக்கு அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கான். 8 ரூபாங்கிறது விலை. மதிப்பு அவன் பைக் டேங்க்ல இருக்கு.

தொடர்ந்து பாக்குறவங்களுக்கு நான் எங்க வர்றேன்னு தெரிஞ்சிருக்கும். விலை பொருள் மேல ஒட்டியிருக்கு, மதிப்பு ஆளுக்குள்ள இருக்கு. கல்கண்டு வடையை வச்சு ஒருக்கா சொன்னேன், பதினோராம் வகுப்புப் பாடத்தை வச்சு ஒருக்கா சொன்னேன். இன்னைக்குப் பணியாரத்தை வச்சும் சொல்லிர்றேன். பசியோட வந்து உக்காந்தவனுக்கு முதல் பணியாரத்தை 50 ரூபான்னு சொன்னாலும் வாங்குவான். மூணாவது 20ன்னா வாங்குவான். ஆறாவது 8 ரூபாய்க்குச் சரியா இருக்கும். ஏழாவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்பான். ஆனா ஆறுக்கும் அவன் கொடுக்குறது எட்டெட்டுதான். கொடுக்கத் தயாரா இருந்ததுக்கும் கொடுத்ததுக்கும் நடுவுல உள்ள மிச்சம் அவன்கிட்டயே நிக்குது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890ல வந்த தன்னோட புத்தகத்துல விரிவா எழுதினது இதைத்தான், பாடத்துல நுகர்வோர் உபரின்னு வரும். அந்த மிச்சமும் ஒரு காரணமாத்தான் அவன் 400 ரூபாயைத் தூக்கி வண்டியில ஊத்துறான்.

இன்னொண்ணு. அந்த 400 முழுசும் பணியாரத்துக் கணக்கு இல்ல. அவன் உங்களையும் பாக்க வர்றான்ல? ஒரே பயணத்துல ரெண்டு காரியம்னா செலவை எப்படிப் பங்கு போடுறதுங்கிறது ஹோட்டலிங் சொன்ன வழியிலேயே பெரிய சிக்கல். உங்களுக்கு எவ்வளவு, பணியாரத்துக்கு எவ்வளவுன்னு அவனாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது. நீங்களும் கேக்காதீங்க.

எங்க அப்பா ஜவுளிக்கடையில கணக்கு எழுதினவரு. சம்பளம் வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பஸ் ஏறித் தொண்டிக்குப் போவாரு, நண்டு வாங்க. காரைக்குடியில நண்டு கிடைக்காம இல்ல. ஆனா படகுல இருந்து இறங்கின நண்டைத் தன் கையால தூக்கிப் பாத்துத்தான் வாங்கணும் அவருக்கு. ஒயர் கூடையில ஈரச்சாக்கு போட்டுக் கொண்டு வருவாரு. பஸ்ஸுல யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. எனக்குப் பள்ளிக்கூடத்துல பணம் கட்ட வேண்டிய மாசத்துல கூடப் போனாரு. எங்க அம்மா அன்னைக்கு ஒரு வார்த்தை பேசாம மிளகு, சோம்பை அம்மியில வச்சு அரைச்சாங்க. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. பணம் பத்து நாள் கழிச்சுக் கட்டினோம்.

எங்கல் விதியைப் போன மாசம் பாத்தோம்ல? எர்ன்ஸ்ட் எங்கல், ஜெர்மனிக்காரர், 1857ல சொன்னது. வருமானம் கூடக் கூட, அதுல சாப்பாட்டுக்குப் போற பங்கு குறையும். நம்ம நாட்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புலயும் அது தெரியுது. 2011-12ல கிராமத்து வீட்டுல 100 ரூபா செலவுன்னா ஏறக்குறைய 53 ரூபா சாப்பாட்டுக்கு. 2022-23ல அது 46 ஆயிருச்சு. நகரத்துல 39. ஆனா இது பங்கைப் பத்தின பேச்சு, பிரியத்தைப் பத்தினது இல்ல. இல்லாதவனுக்கு வயிறு மட்டும்தான், ருசி கிடையாதுன்னு எங்கல் எங்கயும் சொல்லல. எங்க அப்பாவுக்கு அந்த நண்டு வயித்துக்கானது இல்ல.

அளவு கேட்டீங்கள்ல, அதுக்கு என் பதில் சின்னது. கடன் வாங்கித் திங்க வேண்டாம். போன மாசம் என்ன சாப்பிட்டோம்னு நினைப்பே இல்லாத அளவுக்குச் செல்போன்ல ஆர்டர் பண்ற செலவைக் குறைங்க. 180 கிலோமீட்டர் போய் வர்ற பிள்ளையை விட்டுருங்க.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. அந்தப் பணியாரம் ஏன் 8 ரூபா?

உங்க மகன் எந்த வீட்டுக்குப் போறான்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பழக்கமான ஆச்சி ஒருத்தவுக இருக்காக, காரைக்குடிதான். அவுக அடுப்பு பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். உழக்கு நிறைய பச்சரிசி, அதுக்கு மேலயே உளுந்தைக் கோபுரமா குமிச்சு அளக்கிறாக. ஊற வச்சு, தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு வெண்ணெயா ஆட்டுறாக. புளிக்க விடக் கூடாது, உப்பும் துளி சீனியும் போட்டு உடனே சுடணும். இட்லி மாதிரி ஒரு தட்டுல பதினாறு வேகாது. ஒரு கரண்டி மாவு எண்ணெய்க்கு நடுவுல விழுகும், பூ மாதிரி உப்பும், ஓரத்து எண்ணெயை அது மேல வாரி விட்டுத் திருப்பி, சிவக்குறதுக்கு முன்னாடி எடுத்துறணும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினா வெள்ளைப் பணியாரம் இல்ல. அப்புறம்தான் அடுத்தது. ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்னு வைங்க, 100 பணியாரத்துக்கு 100 நிமிஷம் அனல்ல நிக்கணும். ஊறப் போட்டு ஆட்டினதைச் சேத்தா அரை நாள் வேலை. எல்லாம் கழிச்சு எவ்வளவு நிக்கும் ஆச்சின்னு கேட்டேன். "முன்னூறு நிக்கும்னு வைங்க டீச்சர்" அப்படின்னாக. 10 ரூபாயாக்க வேண்டியதுதானேன்னேன். "பழகினவுக முகம் மாறிருவாக."

நாம என்ன செலவழிக்கலாம்னு நூறு தடவை கேக்குறோம். பெட்ரோல் பங்குக்கு 400 போகுது, இந்தக் கைக்கு 48தான் போகுதேன்னு யாரும் கேக்குறது இல்ல. அம்மா, உங்க மகன்கிட்ட பேசுறதா இருந்தா இதைப் பேசுங்க.

நானும் ஒரு தடவை எட்டு பணியாரம் வாங்கி 64 ரூபாய்க்கு 100 ரூபாயை நீட்டி, மிச்சத்தை வச்சுக்கங்கன்னு சொன்னேன். ஆச்சி பதில் சொல்லல. கரண்டியை எடுத்து இன்னும் ரெண்டு ஊத்தினாக. அதையும் இலையில சுத்தி வச்சு, மேல ரெண்டு பத்து ரூபாயை வச்சுக் கையில கொடுத்தாக.