சமநாளும் சித்திரைக்கனியும்

நேயர்களுக்கு வணக்கம். மார்ச் 20 அல்லது 21-ஆம் தேதி சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வருகிறது. அதுதான் சமநாள். மேல்நாட்டில் அன்றுதான் வசந்தம் பிறக்கிறது. நமக்கு வெயில் அதற்கு முன்பே மண்டையைப் பிளக்கும். தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலமாம். பங்குனி மத்தியானத்தில் தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் அந்த நாளைக் கண்ணால் பார்க்கலாம். தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களத்தில் 5 அடிக் கம்பு ஒன்றை நேராக நட்டு, மணிக்கொரு தரம் நிழல் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள். மற்ற நாட்களில் புள்ளிகள் வளைந்து போகும். சமநாளில் நூல் பிடித்தாற்போல் மேற்கிலிருந்து கிழக்கே ஒரே கோடு. பன்னிரண்டரை வாக்கில் நிழல் வடக்கே ஓரடி இருக்கும். கோவை 11 டிகிரி வடக்கே இருப்பதால் அந்த ஓரடி. ஏப்ரல் 18-ஐ ஒட்டி அதுவும் மறைந்து, கம்பு நிழலே இல்லாமல் நிற்கும்.

பகலும் இரவும் அன்று சமம் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? கொஞ்சம் பிசகும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதோடு சூரியனின் மேல் விளிம்பு எட்டிப் பார்த்ததுமே உதயம் என்கிறோம். ஆக, அன்று பகல் 12 மணி நேரத்தைவிட ஆறேழு நிமிடம் கூடுதல். கோவையில் சரிசமமான நாள் பத்து நாளுக்கு முன்பே போய்விடுகிறது.

அப்புறம் சித்திரை 1 ஏன் ஏப்ரல் 14-ல் வருகிறது? சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள்தான் சித்திரை 1; நம் பஞ்சாங்கம் அதை நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறது. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் சமநாளின் இடம் நட்சத்திரங்களுக்கிடையே 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி நழுவுகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சமநாளும் சித்திரை 1-ம் ஒட்டியிருந்தன. இன்று 24 நாள் இடைவெளி. இதைச் சரிசெய்யத்தான் வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1957-ல் இந்திய அரசு சக ஆண்டுக் கணக்கிலான தேசிய நாட்காட்டியைக் கொண்டுவந்தது. அதில் ஆண்டு மார்ச் 22-ல் பிறக்கும், லீப் ஆண்டில் 21-ல். வானொலியில் நீங்கள் கேட்கும் சக தேதி அதுதான்.

வானியல்படி சாகா சொன்னது சரி. ஆனாலும் கோவைப் பக்கம் கண்ணாடி முன் பழங்களை அடுக்கிச் சித்திரைக்கனி காண்கிற எந்த வீடும் நாளை மாற்றாது. மாற்றவும் வேண்டாம் என்பேன். மார்ச் 22-ல் பழுத்த மாம்பழத்துக்கு எங்கே போவது? மாவடுவைத்தான் அடுக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.