ஆத்தாளின் பேரில் ஒரு சென்ட்

(உலகப் பெண் உழவர் ஆண்டையொட்டி எங்கள் ஊர் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவி அவர்களே (முன்னாள் என்று சொன்னதற்கு வருத்தப்பட வேண்டாம் அம்மா, இந்த மேடையில் எல்லோருமே முன்னாள்தான்), பால் சங்கச் செயலாளர் அவர்களே, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர் அவர்களே, மூட்டுவலியோடு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், உங்களுக்குத் தனி வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்தவருக்கும், காலையிலிருந்து மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பிக்கும், பின்னால் சாம்பார் தாளிக்கிற வாசனையை இங்கே வரைக்கும் அனுப்பிவைக்கிற சமையல்காரருக்கும் நன்றி. எனக்குப் போட்ட பொன்னாடையை மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை ஒரு துண்டாகக் கொடுங்கள். துடைக்கவாவது ஆகும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தாய்மையின் தியாகம்’. நோட்டீஸில் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது. ஆனால் தியாகம் என்கிற சொல்லில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரு வேலையைத் தியாகம் என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள். அதனால் நான் என் ஆத்தாளைப் பற்றி மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று அவள் அடுப்படி. இரண்டு அவள் கட்டுத்தறி, அதாவது ஆடுமாடு கட்டுகிற இடம். மூன்று அவள் பட்டா.

ஆத்தா 1949இல் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். கீழ்பவானி வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்த காலம். 200 கிலோமீட்டர் நீள வாய்க்கால், இரண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கர் பாசனம். எங்கள் பதினோரு ஏக்கர் மட்டும் வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், காட்டுக்கு ஏறாது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைத்துத்தான் தோட்டப் பாசனம். மற்றதெல்லாம் வானம் பார்த்த காடு: சோளம், கம்பு, கொள்ளு, கடலைக்காய்.

ஒரே அடுப்பில் இருபது பேருக்கு மேல் சோறு. அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர், அவர்கள் குடும்பம், அப்பாரு (அப்பாவின் அப்பா), ஆயா, பண்ணையத்து ஆட்கள். ஆத்தாளுக்கு நாங்கள் எட்டுப் பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் ஐந்து. இராத்திரி வாசலில் பாய் போட்டுப் பதின்மூன்று பேரும் வரிசையாகப் படுத்திருப்போம். விளக்கை அணைத்த பிறகு ஆத்தா வந்து, இருட்டில் ஒவ்வொரு கால் கட்டைவிரலாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போவாள். பதின்மூன்று வந்தால்தான் தலைசாய்ப்பாள். ஒரு நாள் பதினான்கு வந்துவிட்டது. மறுபடி எண்ணினாள், மறுபடியும் பதினான்கு. எங்களோடு விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகாமல் தூங்கிப்போன பக்கத்துக் காட்டுப் பையன். அவனை எழுப்பி, சோளச்சோறும் மோரும் ஊட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். அவனுடைய ஆத்தா அவனை எண்ணவே இல்லையாம். இந்தக் குறையை நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடலைக்காய் வறுத்தால் மொத்தமாகக் கொட்டித் தரமாட்டாள். பதின்மூன்று குவியல் போடுவாள். “ஒண்ணாத் தின்னா என்னாத்தா?” என்று கேட்டால் ஒரே பதில்தான்: “தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.” இந்தப் பழமொழியை இன்றைக்கு நான் எத்தனை தடவை சொல்லப் போகிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவளுக்கென்று குவியல் இருந்ததா என்று அப்போது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வறுத்த சட்டியில் மணலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற தீய்ந்த பருப்பைப் பொறுக்கிப் பல்லில் கடிப்பாள். அதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சொல்ல வந்த கட்டுத்தறிக் கதை. 1983, வறட்சி வருஷம். அப்பா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. கிணற்றில் தவளை குதித்தால் சத்தம் கேட்காது, அவ்வளவு சேறு. கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளை, அதாவது சைடு போர் போட்டால் தண்ணீர் வரும் என்று சொன்னார்கள். கடன் கேட்கலாம் என்று ஆத்தா கிளம்பினாள். துணைக்கு என் கடைசித் தங்கச்சி. நான் அப்போது வேறு தாலுகாவில் கிராம நிர்வாக அலுவலர். ஆகையால் இது தங்கச்சி சொல்லி, ஆத்தா மறுத்து, மறுபடி தங்கச்சி சொல்லி நான் கேட்ட கதை.

அந்தச் சமயம் வீட்டில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போயிருந்தது. குட்டிக்கு இரண்டு மணிக்கொரு தரம் பால் ஊட்ட வேண்டும். வீட்டில் விட்டுப்போனால் யார் ஊட்டுவது? ஆத்தா அதை மஞ்சப்பைக்குள் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, பஸ் ஏறிவிட்டாள். கண்டக்டர் குட்டிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். “மடியிலதானுங்க வெச்சிருக்கறேன். கைப்புள்ளைக்கு டிக்கெட்டு கேப்பீங்களா?” என்றாள். பஸ்ஸே சிரித்துவிட்டது. கண்டக்டர் போய்விட்டார்.

அலுவலகம் எது, எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே இருந்தவரும் நல்லவர்தான், சட்டப்படி பேசினார். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று காட்டுகிற சிட்டா நகலைப் பிரித்துப் பார்த்தார். நகலில் இருந்தது எங்கள் அப்பாருவின் பெயர். “பட்டாதாரர் நேரில் வரணும், கையெழுத்துப் போடணும்” என்றார். அப்பாரு செத்துப் பத்தொன்பது வருஷம்.

ஆத்தா சொன்னாள்: “அவுரைக் கூட்டியாரோணும்னா நாந்தானுங்க போகோணும். போனா நானும் திரும்பி வரமாட்டனுங்களே.”

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. “அதில்லைம்மா, வாரிசுச் சான்று வேணும், எல்லாப் பங்காளியும் சம்மதிக்கணும், உங்க பேருக்கு இதுல ஒண்ணுமே இல்லையே” என்று விளக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆத்தா உம் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். மேசை விளிம்பில் இருந்த மஞ்சப்பையை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. திடீரென்று அவர், “ஏம்மா, ஏம்மா! பேப்பரை ஆடு திங்குது!” என்று கத்துகிறார். சிட்டாவில் பாதி குட்டியின் வாயில். தங்கச்சி இழுக்கிறாள், குட்டி விடவில்லை. ஆத்தா நிதானமாக, “உடு கண்ணு. எம்பட பேரு இல்லாத காயிதந்தான. ஆட்டுக்காச்சும் ஆகட்டும்” என்றாளாம்.

கை தட்டாதீர்கள். இந்தக் கதைக்கு எங்கே போனாலும் கை தட்டுகிறார்கள். கடன் கிடைக்கவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை. காதில் கிடந்த தோட்டையும் நாலு செம்மறியையும் விற்றுத்தான் சைடு போர் போட்டாள். தண்ணீர் வந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் எங்கள் கல்யாணங்கள் நடந்தன.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். 1980 நவம்பரில், ஊர் நிலக் கணக்கையும் வரியையும் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழித்தது. அதற்குப் பதிலாக வந்த கிராம நிர்வாக அலுவலர் வேலையில் சேர்ந்தவன் நான். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்கிற அடங்கல் கணக்கை 33 வருஷம் எழுதியிருக்கிறேன். எந்தக் காட்டில் யார் களை வெட்டினார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து, அந்தக் களைவெட்டியின் புருஷன் பேரை எழுதியிருக்கிறேன். மனுவோடு ஒரு பெண் வந்து நின்றால், “வீட்டுக்காரர் வரலீங்களா?” என்பதுதான் என் முதல் கேள்வி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாடு முழுக்க நூறு பண்ணைக்குச் சுமார் பதினாலுதான் பெண் பேரில் இருந்தது. காட்டில் குனிந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சேலை கட்டியவர்கள், இதற்குக் கணக்கெடுப்பு வேண்டாம், பஸ் ஜன்னலே போதும். ஆனால் பட்டாவில் பேர் இருந்தால்தான் மத்திய அரசின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உழவர் உதவித்தொகை. மற்ற சலுகைகளும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது ஐயா. புருஷன் சொத்தில் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளோடு பங்கு என்று 1956லேயே வந்தாயிற்று. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அறுபது வருஷம் கழித்து 1989இல் பூர்வீகச் சொத்துக்கும் தமிழ்நாட்டில் சட்டமானது. அதிலும் அந்த மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை. ஆட்டுக்குட்டியின் வாயிலிருந்து சிட்டாவை இழுத்தாளே, அந்தத் தங்கச்சிக்கு 1988 தையில் கல்யாணம். பதினான்கு மாதத்தில் தப்பிப்போனது. கல்யாணமான பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று 2005இல் மத்திய சட்டத்தைத் திருத்தினார்கள், 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. அதற்குள் நாங்கள் பாகம் பிரித்து வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா தங்கைகள் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கொரு பட்டுச்சேலை, பந்தியில் வடை பாயசம். சேலை எடுத்துக் கொடுத்தவன் நான்.

நாகப்பட்டினம் பக்கம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையார், 1981இல் லாப்டி என்கிற அமைப்பைத் தொடங்கி நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பேரில்தான் எழுதவைத்தார். நமக்குப் பக்கத்தில் இயற்கை விவசாயி தேக்கம்பட்டி பாப்பம்மாள், 2021இல் பத்மஸ்ரீ வாங்கியவர், கடை வைத்துச் சேர்த்த காசில் தானே நிலம் வாங்கினார். இவர்களைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு வைத்திருக்கிறேன். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டு நிமிஷம் ஐயா.

பாகம் பிரித்த அன்று ஆத்தாளிடம் கேட்டோம்: “உம் பேருல ஒரு ஏக்கர் போட்டுரட்டுமா?” “எனக்கெதுக்குச் சாமி, நீங்க இருக்கறீங்கல்ல” என்றாள். அப்பாடா என்று விட்டுவிட்டோம். ஊரெல்லாம் பட்டா மாற்றித் தருகிற அலுவலர் நான், என் ஆத்தாளின் அந்த ஒரு வரியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு அவள் எங்கள் நாலு பையன்கள் வீட்டிலும் மாறி மாறி இருந்தாள். என் பங்குக்கு வந்த பழைய வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை. ஆத்தா வைத்த மரம், எனக்கு மூத்தது. ஒரு நாள் காலையில் துரட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறாள். காய் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது. பறிக்கவில்லை. வாசலைப் பார்த்து என் வீட்டுக்காரியிடம் கேட்கிறாள்: “அம்மிணி, ரெண்டு காய் பறிச்சுக்கட்டுமா?”

என் வீட்டுக்காரி பதறிப்போய் ஓடினாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். கீழே இறக்கவில்லை.

மைக்கை வாங்கிவிடாதீர்கள் தம்பி, முடித்துவிட்டேன். மண்டபத்தின் வடக்கு ஓரத்தில் மேசை போட்டிருக்கிறது. ஆய்வாளர் ஐயாவும் நானும் சாயங்காலம் ஐந்து மணிவரை அங்கேதான் இருப்போம். வாரிசுச் சான்றுக்கு மனு, கூட்டுப் பட்டாவில் பேர் சேர்க்க மனு, குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கிற செட்டில்மென்ட் பத்திரத்துக்கு என்னென்ன வேண்டும் என்கிற விவரம், எல்லாம் காசில்லாமல் எழுதித் தருகிறோம். பத்து லட்சம் ரூபாய் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல். ஆண்கள் சிட்டா நகலையும், வீட்டில் இருக்கிற அம்மாவையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாப்பாடு தயாராம். ஆட்டுக்குட்டி இருந்தால் மட்டும் வெளியே கட்டிவிட்டு வரவும்.