மேயரை யார் தேர்ந்தெடுப்பது?

தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய நீதியரசர் அவர்களே, முன்னிலை வகிக்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் அவர்களே, என்னைத் தகுதிக்கு மீறிப் பாராட்டிக் கைத்தறி ஆடை போர்த்திய செயலாளர் அவர்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் சைதாப்பேட்டைத் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்னை மாநகராட்சியின் நிதி, கவுன்சிலர்கள் கூடும் மாமன்றத்தின் அதிகாரம், மேயர் தேர்தல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசப் பணித்தார்கள். என் நெஞ்சில் நெடுநாளாக உறுத்துவது மூன்றாவது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். 1688-இல் தோன்றிய நம் மாநகராட்சியில், மேயரைத் தேர்ந்தெடுக்கும் வடத்தை மக்களே நேரடியாகப் பிடித்தது 1996, 2001, 2011 என்று மூன்றே முறைதான். மக்களால் நேரடியாகத் தேர்வான முதல் மேயர் திரு. மு.க. ஸ்டாலின் அவர்கள், 2001-இல் பதவியில் இருந்தபடியே மீண்டும் மக்களைச் சந்தித்து வென்றார். 2006-இல் மாமன்ற உறுப்பினர்களால் தேர்வான திரு. மா. சுப்பிரமணியன் அவர்கள் 2011-இல் மக்களிடம் வாக்குக் கேட்டு வந்தபோது, அவரை எதிர்த்து நின்ற திரு. சைதை துரைசாமி அவர்கள் வெற்றி பெற்றார். இருவரில் யார் சிறந்தவர் என்பதன்று என் பேச்சு. இருக்கும் மேயரை ஒருமுறை தொடரச் செய்யவும் இன்னொரு முறை மாற்றவும் இந்நகரத்து மக்களால் முடிந்தது என்பதே நான் சொல்ல வந்தது.

என் அத்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 2011-இல் கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று என இரண்டு வாக்குகளை அளித்துவிட்டு வந்தவர். 2022 பிப்ரவரியில், எண்பது வயதைக் கடந்த நிலையில், என் தோளைப் பற்றிக்கொண்டே வாக்குச்சாவடிக்கு வந்தார். ஒரு வாக்கை அளித்துவிட்டு நகராமல் நின்றார். "மேயருக்கு எங்க தம்பி போடணும்?" என்று அலுவலரிடம் கேட்டார். "அதைக் கவுன்சிலருங்க பாத்துப்பாங்கம்மா" என்றார் அந்தப் பிள்ளை, மரியாதையாகத்தான். வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் மை வைத்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தவர், தெருமுனையில் இறங்கும்போது, "அப்ப இது பாதி ஓட்டுதானாடா?" என்று கேட்டார். இன்றுவரை என்னால் அவருக்கு விடை சொல்ல முடியவில்லை.

2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டம், மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடமிருந்து எடுத்து மாமன்றத்துக்குக் கொடுத்தது. 200 உறுப்பினர்கள் இழுத்தாலும் தேர் நகரும். ஆனால் அது ஊர் கூடி இழுத்த தேர் ஆகாது. ஆகவே, அடுத்த தேர்தலுக்கு முன் நேரடித் தேர்தல் முறையைத் திரும்பக் கொண்டுவருமாறு அரசைக் கேட்கும் விண்ணப்பத்தை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தை இட நீதியரசர் அவர்கள் அன்புடன் இசைந்திருக்கிறார்கள். இரண்டாவது வரியை என் அத்தைக்காக விட்டுவைத்திருக்கிறேன்.