மூடுபனியில் முள்ளை நம்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு மார்கழிக் காலை. சேர்வராயன் மலையில், காபித் தோட்டங்களுக்கு மேலுள்ள சரிவில் நண்பரும் நானும் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் மூடுபனி சூழ்ந்து, இருபதடி தள்ளியிருந்த சில்வர் ஓக் மரங்கள்கூட மறைந்துவிட்டன. எங்கோ பஸ் ஹார்ன் கேட்டது. “சாலை இடப்பக்கம்தான், வாருங்கள்” என்று நண்பர் நடக்கத் தொடங்கினார். எனக்கும் அப்படியே தோன்றியது. வரைபடமும் திசைகாட்டியும் வலப்பக்கம் என்றன. அவற்றின்படி நடந்தோம், சாலை வந்தது. எதிர்ச்சரிவில் மோதித் திரும்பிய ஒலியைத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம்.

பனிக்குள் மனம் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் கேட்காதீர்கள். இதை வற்புறுத்தத்தான் இன்று வந்தேன்.

நிற்கும் இடம் எது என்பதைப் பனி வருமுன்பே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். பிறகு போகவேண்டிய திசையைத் திசைகாட்டியில் வைத்துக்கொண்டு, நண்பரைக் கண்ணுக்கெட்டும் தூரம் வரை முன்னே அனுப்புங்கள். “கொஞ்சம் இடது, நில்லுங்கள்” என்று குரல் கொடுத்து அவரைக் கோட்டில் நிறுத்தி, அவரிடம் போய்ச் சேருங்கள். மீண்டும் அனுப்புங்கள். பொறுமை வேண்டிய வேலைதான்.

சாலையோரம் நிறுத்திய காரைத் தேடிப் போகிறீர்கள் என்றால் நேராக அதற்குக் குறிவைக்காதீர்கள். 5 பாகை பிசகினாலே 1 கிலோமீட்டரில் ஏறத்தாழ 87 மீட்டர் விலகிவிடுவோம். சாலைக்கு வந்தபின் கார் எந்தப் பக்கம் என்று தெரியாது. வேண்டுமென்றே 10 பாகை இடப்புறம் தள்ளிக் குறிவையுங்கள். சாலையைத் தொட்டதும் தயங்காமல் வலப்புறம் திரும்பலாம். மலை நடையில் நான் கற்றவற்றுள் இதைவிட அழகான உத்தி வேறில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது: முள்ளுக்குத் திசை தெரியும், பள்ளம் தெரியாது. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கிக் கிடந்தால் அங்கே செங்குத்துச் சரிவு. சுற்றித்தான் போக வேண்டும்.

முள்ளே தவறும் இடமும் நம் சேலத்தில் உண்டு. கஞ்சமலையில் கிடைப்பது மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது. அத்தகைய பாறையருகே முள் வடக்கை விட்டு விலகக்கூடும். சில அடிகள் தள்ளி நின்று மீண்டும் பாருங்கள். இரண்டும் ஒத்தால் நம்பலாம். கைபேசியும் முள்ளைக் குழப்பும். அதைத் திசைகாட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பழகிப் பார்க்கப் பனிக்காலம் வரை காத்திருக்க வேண்டாம். தெளிவான ஒரு நாளில், வண்டி வராத சமதரையில், குடையை முகத்துக்குத் தாழ்த்தி, காலடி மட்டும் தெரியும்படி முள்ளைப் பார்த்து நடந்து பாருங்கள். நண்பர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வணக்கம்.