பிலிகுண்டுலுவும் நாற்பது பக்க நோட்டும்

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஒகேனக்கல்லில் நாளைக்குப் பரிசல் ஓடுமா என்று நமக்கு எப்படித் தெரிகிறது? காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தார் அன்றாடம் காவிரியை அளக்கிறார்கள். விநாடிக்கு இத்தனை கன அடி என்று கணக்கு வருகிறது. நம் ஊரில் ஒரு தூறல்கூட இல்லாத நாளிலும் வெள்ளம் வருவது முன்பே தெரிந்துவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தை யார் அளக்கிறார்கள்?

பென்னாகரம் பக்கம் பாடம் நடத்துகிறேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், "எப்போதும் இப்படித்தான் சார், எதுவுமே பிடிக்கவில்லை" என்றான். தாய் தந்தை பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள்; இவன் பாட்டி வீட்டில். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னேன். படுத்த நேரம், எழுந்த நேரம், செய்த வேலை, மனத்துக்குப் பத்துக்கு எத்தனை. அந்தந்த வேளையிலேயே எழுது என்றேன். வாரக் கடைசியில் யோசித்து எழுதினால், இன்றைய சோர்வு போன நாட்களின் மேலும் படிந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து அவனே கொண்டுவந்து காட்டினான். வாலிபால் ஆடிய மாலைகளில் ஏழு. திங்கட்கிழமைகளில் இரண்டு, மூன்று. ஞாயிறு இரவு அம்மா போனில் பேசுவார். பேசி வைத்த பிறகு ஒன்றரை மணிவரை இவனுக்குத் தூக்கமில்லை. 'எப்போதும்' என்று அவன் சொன்னது திங்கட்கிழமையை! வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசியதை, தினமும் பள்ளி விட்டதும் பத்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டான். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. மனச்சோர்வுச் சிகிச்சையில் உளவியலாளர்கள் 1970-களிலிருந்தே இப்படி எழுதிவரச் சொல்கிறார்கள்.

பெற்றோர்களே, கைகூப்பிக் கேட்கிறேன். பிள்ளைக்குத் தெரியாமல் அந்த நோட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்தது தெரிந்த அன்றிலிருந்து எல்லா நாளும் எட்டு, ஒன்பது என்றே இருக்கும். பிள்ளை தானாகக் கொண்டுவந்தால், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். "இரண்டா? உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டுவிடாதீர்கள், அது மதிப்பெண் பட்டியல் அல்ல.

இரண்டு வாரமாக எண் மேலே எழவே இல்லையென்றால் நோட்டு போதாது. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது. சாக வேண்டும் என்று ஒரு வரி கண்ணில் பட்டால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வாசல் மேசையில் நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. மாணவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் பெயர் எழுத வேண்டாம்.