கட்டுமரத்துக்கு ஒரு கொட்டகை
(பொறையாற்றில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல வேலைகளுக்கிடையே வந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, என்னை வரவேற்றுப் பேசிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, காசு வாங்காமல் ஒலிபெருக்கி கட்டித்தரும் தம்பி அவர்களே! தம்பிக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தியதில்லை. எனக்குப் போர்த்தியதை இப்போது அவருக்குப் போர்த்துகிறேன். (கைதட்டல்)

நான் டென்மார்க்கில் நண்பர் வீட்டில் தங்கி ஊர் சுற்றிய கதையைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். மூன்று செய்திகள் சொல்வேன். ஒன்று, பழைய ஊர்கள். இரண்டு, கடற்கரைகள். மூன்று, சிக்கனமாகப் போய்வரும் வழி. மூன்றாவதற்காகவே பாதிப்பேர் வந்திருப்பது எனக்குத் தெரியும். பொறுங்கள்.

'உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது' என்பார்கள். என்னோடு மயிலாடுதுறையில் படித்த அந்த நண்பர் கோபன்ஹேகனில் குடியேறியவர். முதல் நாளே என்னை ஹெல்சிங்கோருக்கு அழைத்துப்போய்க் குரோன்போர்க் கோட்டையைக் காட்டினார். எதிர்க்கரையில் சுவீடன் தெரிகிறது. அந்த நீரிணை வழியே போகும் கப்பல்களிடம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் சுங்கம் வாங்கியிருக்கிறார்கள். வாய்பிளந்து பார்த்தேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, அதே டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் எழுப்பிய கோட்டையை நான் கடைசியாக உள்ளே போய்ப் பார்த்தது எட்டாம் வகுப்பில்!

வடமுனையில் ஸ்காகென் என்ற கடற்கரை ஊர். மணல் மூடியதால் 1795இல் கைவிட்ட தேவாலயம் ஒன்று அங்கே உண்டு. கோபுரம் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. எனக்கு நம் தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் நினைவு வந்தது. அங்கே மணல் மூடியது, இங்கே கடல் அரித்தது.

இனி ரோஸ்கில்டே என்ற ஊர். ஆயிரம் ஆண்டுக்கு முன் எதிரி வராமலிருக்க நீர்வழியில் மூழ்கடித்த ஐந்து கப்பல்களை 1962இல் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டவைத்து, கண்ணாடிச் சுவரோடு ஒரு கூடம் கட்டிக் காட்டுகிறார்கள். நம் இராசேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட அதே நூற்றாண்டு! பக்கத்துப் பட்டறையில் ஒரு கிழவர் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்றார். தரங்கம்பாடிப் பக்கம் என்று நண்பர் சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டார். "கட்டுமரம்! எத்தனை மரம் சேர்ப்பீர்கள்? எப்படி முடிச்சுப் போடுவீர்கள்?"

நான் கடலுக்கு நாலு மைலில் பிறந்தவன். வாய் திறக்கவில்லை. நண்பர் என்னைப் பார்க்கிறார், நான் கப்பலைப் பார்க்கிறேன். வேறு வழியின்றி நம்மூர் மீனவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன். அங்கே காலை பதினொன்றரை, இங்கே மதியத் தூக்கம். பாவம், எழுந்து பொறுமையாகச் சொன்னார்: ஆணியே கிடையாது, கயிறுதான், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட வேண்டும். நண்பர் மொழிபெயர்க்க, கிழவர் குறிப்பெடுத்துக்கொண்டார். கடைசியில் மீனவர் கேட்டார்: "ஐயா, இதைக் கேட்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்? டவுன் பஸ் ஏறினால் என் வீடுதானே?" (சிரிப்பு, நெடுநேரம்)

சிரிக்கிறீர்கள். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது, ஐயா! இன்று கரை முழுக்க ஃபைபர் படகு. கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் வயதாகிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலேயன் பெயரைக்கூட மாற்றாமல் எடுத்துப்போன பொருள் அது. நான் கேட்பது கண்ணாடிக் கூடமல்ல. கோட்டைக்கு அருகே ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் ஒரு கட்டுமரம், அதைக் கட்டி அவிழ்த்துக் காட்ட ஒரு மூத்த மீனவர், அவருக்கு மாதச் சம்பளம். உறுப்பினர் அவர்கள் தலையசைக்கிறார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

சிக்கனப் பயணம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் மணியைப் பார்க்கிறார். நண்பர் வீட்டில் தங்கினால் ஓட்டல் செலவில்லை, அவ்வளவுதான். வாசலில் மேசை போட்டு, கொட்டகை கேட்கும் மனுவைக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறோம். பேனா இரண்டுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள்.